டவுன் டியூனிங்: ‘சுருதியிறக்கம்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

கிட்டார்த் தந்திகளின் சுருதியை வழக்கத்தைவிடத் தாழ்த்திக் கட்டுவதே ‘டவுன் டியூனிங்’. ஆங்கில ராக் இசைக்குழுவான பிளாக் சப்பாத் பற்றிய கட்டுரையில் அதற்குத் தமிழ்ச் சொல்லாக ‘மந்தரச் சுருதி’ என்று முன்மொழிந்திருக்கிறார்கள். வேண்டாம் என்பேன். மந்தரம் கீழ் ஸ்தாயியின் பெயர். இங்கே நடப்பது வேறு: கிட்டாரின் ஆறு தந்திகளும் ஒரே அளவு இறங்குகின்றன.

அக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி இடக்கைக்காரர். 1965-இல் பர்மிங்காம் தகட்டு ஆலையில் வலக்கை நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இழந்தார். தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவை. பாத்திரம் கழுவும் திரவப் புட்டியை உருக்கி விரலுறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்தி வேண்டி பாஞ்சோ தந்திகளைக் கட்டினார். 1971-இல் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தொகுப்பின் சில பாடல்களில் சுருதியை மூன்று அரைச்சுரம் (செமிடோன்) இறக்கினார். குழுவின் கீஸர் பட்லர் வாசித்த பேஸ் கிட்டாரும் கூடவே இறங்கியது. மூன்று அரைச்சுரம் இறங்கினால் அதிர்வெண் 0.84 மடங்கு. இழுவிசை அதன் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் சுமார் 29 விழுக்காடு குறைகிறது. காயப்பட்ட விரலுக்கு அது பெரிய ஆறுதல். பின்வந்த டூம் மெட்டல் (மெதுவான, கனத்த ராக் வகை) குழுக்கள் பிடித்துக்கொண்டதோ அந்தக் கனத்த ஒலியை.

என் முன்மொழிவு: சுருதியிறக்கம்.

—

வணக்கம் ஐயா. தந்தி தொய்வதுதானே கண்ணுக்குத் தெரிகிறது? ‘தளர்சுருதி’ சுருக்கமாகவும் இருக்கிறதே.

—

தொய்வு கட்டாயமில்லை. அதே தந்தியை இறக்கினால் தொய்ந்து, கிட்டார்க் கழுத்தின் மெட்டுகளில் (ஃபிரெட்) பட்டுக் கரகரக்கும். ஓங்கி மீட்டினால் முதல் கணத்தில் சுருதி ஏறிவிடும். அதனால்தான் இன்றைய மெட்டல் கலைஞர்கள் பலர் 10-46 தந்தியை (மிக மெல்லிய, மிகத் தடித்த தந்திகளின் விட்டம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்) கழற்றிவிட்டு 12-56 போன்ற தடித்த தொகுதி போடுகிறார்கள். சுருதி இறங்கும், விறைப்பு பெரிதும் குறையாது. அங்கே ‘தளர்’ பொய்யாகிவிடும். ‘தளர்சுருதி’யைச் சேராத சுருதி என்றும் படிப்பார்கள்.

—

‘சுருதியிறக்கம்’ எனக்கும் சம்மதம். ‘சுருதியை இறக்கு’ என்று வினையாகவும் வரும். இறக்கும் அளவை, நம் பாடகர்கள் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில் எழுதலாமா? மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டை என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும்.

—

அடைப்புக்குறிக்குள் தரலாம். அளவாகக் கொள்ள வேண்டாம். ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்கு இரண்டு அரைச்சுரம், மூன்றிலிருந்து நான்குக்கு ஒன்றுதான். ‘மூன்று அரைச்சுரச் சுருதியிறக்கம்’ என்பதே துல்லியம்.

ஆறாம் தந்தியை மட்டும் இரண்டு அரைச்சுரம் இறக்கும் ‘டிராப் டி’யை இதில் சேர்க்காதீர்கள். அதற்கு ‘ஒற்றைத்தந்தி இறக்கம்’ எனத் தனிப்பதிவு போடுகிறேன்.