பிரயோக கணிதம் மாஸ்டர்ஸ்: 3 வருட ஜெனரல் டிகிரியோட எந்த நாடு சரிவரும்?

கல்லடிப்பாலம்:
வணக்கம். வந்தாறுமூலை கம்பஸில் (கிழக்குப் பல்கலைக்கழகம்) பி.எஸ்ஸி ஜெனரல், 3 வருடம், 90 கிரெடிட். கணிதம், பௌதிகவியல், கணினி விஞ்ஞானம். ஜி.பி.ஏ 3.3. நியூமெரிக்கல் பக்கம் (சமன்பாடுகளைக் கணினியில் எண்ணாத் தீர்க்கிற கணிதம்) மாஸ்டர்ஸ் செய்ய விருப்பம். வீட்டுக் காசு கட்டணத்துக்குக் காணாது. ரேங்கிங் பார்த்து ஜெர்மனியில் 3 இடம், அமெரிக்காவில் 4 இடம் எழுதி வச்சிருக்கன். ஜெர்மனியில் ஒரு இடத்தைக் கேட்டதுக்கு, "180 கிரெடிட் வேணும், உங்களிட்ட 90தான் இருக்கு" என்று பதில். இதுக்கு என்ன செய்யலாம்?

மாவடிவேம்பு:
தம்பி, அந்த 90ஐயும் 180ஐயும் நேரா ஒப்பிட ஏலாது. எங்கட இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். ஐரோப்பாவில் ஒரு ஈ.சி.டி.எஸ் (அங்கத்தைய கிரெடிட்) 25 முதல் 30 மணி. இங்க வருடத்துக்கு 30 கிரெடிட், 1500 மணி. அங்க 60 ஈ.சி.டி.எஸ், அதே 1500இல் தொடங்குது. டிரான்ஸ்கிரிப்டில் மணிக்கணக்கு இல்லாட்டி பார்க்கிறவர் எண்ணை மட்டும்தான் பார்ப்பார். பதிவாளர் கிளையில் "1 கிரெடிட் = 50 மணி, வருடத்துக்கு 30 கிரெடிட்" என்று பல்கலைக்கழகக் கடிதத்தாளில் ஒரு கடிதம் எடுங்க. படிச்ச ஒவ்வொரு கணிதப் பாடத்துக்கும் பாடத்திட்டத்தையும் சேர்த்து அனுப்புங்க.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கு. 3 பாடம் சமனாப் பிரிஞ்சால் கணிதம் 30 கிரெடிட் அளவுதான், அதாவது 60 ஈ.சி.டி.எஸ். ஜெர்மன் கணித மாஸ்டர்ஸ், கணிதத்தையே முதன்மைப் பாடமாப் படிச்சவருக்காகப் போட்டது. அனலிசிஸ், லீனியர் அல்ஜிப்ரா, நியூமெரிக்கல், நிகழ்தகவு, வகையீட்டுச் சமன்பாடு இந்த அஞ்சும் தனித்தனிப் பாடமா டிரான்ஸ்கிரிப்டில் இருக்கா பாருங்க. இல்லாட்டி ரேங்கிங் பார்த்து வேலையில்லை.

சம்மாந்துறைப் பிள்ளை:
நான் இன்னும் இரண்டாம் வருடம். அப்ப 4 வருட ஸ்பெஷலுக்கு மாறுறதுதான் நல்லதா?

மாவடிவேம்பு:
கணிதத்தில் ஸ்பெஷல் கிடைச்சால் யோசிக்காதீங்க தங்கச்சி. 120 கிரெடிட், பெரும்பகுதி கணிதம், கடைசி வருடத்தில் ஆய்வறிக்கையும் வரும்.

ஒலுவில் காக்கா:
அமெரிக்கா பற்றி. தம்பி, அந்த 4 இடமும் எம்.எஸ்ஸா பி.எச்.டியா? எம்.எஸ்ஸுக்குப் பெரும்பாலும் கைக்காசு. பி.எச்.டிக்கு பி.எஸ்ஸியோடயே நேரா விண்ணப்பிக்கலாம். இடம் கிடைச்சால் கற்பித்தல் உதவியாளர் வேலை தந்து கட்டணத்தைத் தள்ளி, மாதச் செலவுக்கும் காசு தருவாங்க. ஆனா 3 வருடப் பட்டத்தைப் பல இடங்கள் ஏற்கமாட்டா. விண்ணப்பக் கட்டணம் கட்ட முதல் கிராஜுவேட் ஸ்கூலுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்க. முடிவுத்திகதி அநேகமா டிசம்பர் நடுவில இருந்து ஜனவரி நடுவுக்குள்ள.

கனடாவையும் விடாதீங்க. வாட்டர்லூவில் பிரயோக கணிதத்துக்கென்றே தனித் துறை இருக்கு. அமெரிக்காவில் சியாட்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகம், கொலராடோ போல்டர், பிரவுன் போன்ற சில இடங்களில் அப்படி இருக்கு. தனித் துறை இல்லாத இடங்களில் கணிதத் துறைக்குள்ள தேடவேணும்: ஆசிரியர் பக்கத்தைத் திறந்து நியூமெரிக்கல், ஒப்டிமைசேஷன் செய்றவங்க எத்தனை பேர் என்று எண்ணுங்க. ஒருத்தர்தான் என்றால் அவர் லீவில் போனால் உங்கட பாடமும் போச்சு.

கல்லடிப்பாலம்:
நன்றி காக்கா, 4உம் எம்.எஸ்தான். இப்ப விளங்குது. ஜெர்மனியில் கட்டணமே இல்லை என்பது சரிதானே? பட்டத்தைச் சரிபார்த்துத் தாற ஏ.பி.எஸ் சான்றிதழ் எங்க எடுக்கிறது?

மாவடிவேம்பு:
ஏ.பி.எஸ் இந்தியாக்காரருக்கு, இலங்கைக்கு இல்லை. தமிழ் யூடியூபில் அநேகம் இந்திய வீடியோக்கள், கவனம்.

கட்டணம் இடத்தைப் பொறுத்தது. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் எங்களைப் போன்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ, 2017இல் இருந்து. முனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024/25 குளிர்காலத்தில் இருந்து எடுக்குது. நியூமெரிக்கல் என்றால் கைசர்ஸ்லவுட்டர்னைப் பட்டியலில் போடுங்க: தொழிற்துறைக் கணிதத்துக்கான ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனம் அதே ஊரில்.

உண்மையான செலவு பிளொக் எக்கவுண்ட், அதாவது வாழ்க்கைச் செலவுக் காசை முன்கூட்டியே போட்டு முடக்கி வைக்கிற வங்கிக் கணக்கு. 2024 செப்டம்பரில் இருந்து வருடத்துக்கு 11,904 யூரோ, மாதம் 992 தான் எடுக்கலாம். அதை வீசாவுக்கு முதலே காட்டவேணும். விண்ணப்பம் யூனி-அசிஸ்ட் (பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற பொது அமைப்பு) வழியா என்றால் முதல் இடத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. முடிவுத்திகதிக்கு 8 கிழமைக்கு முதல் அனுப்புங்க. ஒரு தாள் குறைஞ்சால் திருப்பிக் கேக்க நேரம் வேணும்.

உங்கட ஜி.பி.ஏயை ஜெர்மன் புள்ளிக்கு மாத்தினால் (4.0 எங்கட உச்சம், 2.0 பாஸ்): 1 + 3 × (4.0 − 3.3) ÷ (4.0 − 2.0) = 2.05. அங்க 1 தான் உச்சம், 4 சும்மா பாஸ். பல மாஸ்டர்ஸ் 2.5க்குள்ள கேட்கும், அது ஜி.பி.ஏ 3.0. அதால புள்ளி தடையில்லை.

ஒலுவில் காக்கா:
ஒன்று விட்டுப்போச்சு. "ஆங்கில மொழி" என்று போட்டிருந்தாலும் மொட்யூல் கையேட்டை (எல்லாப் பாடங்களின் விபரமும் இருக்கிற தொகுப்பு) திறந்து விருப்பப் பாடங்களின் மொழியைப் பாருங்க. கட்டாயப் பாடம் ஆங்கிலத்திலும் நியூமெரிக்கல் விருப்பப் பாடங்கள் ஜெர்மனிலும் இருக்கிற இடங்கள் உண்டு.

கல்லடிப்பாலம்:
சரி அண்ணா, காக்கா. திங்கள் பதிவாளர் கிளைக்குப் போறன். பாடத்திட்டத்தில் துறைத் தலைவர் கையெழுத்து காணுமா?

மாவடிவேம்பு:
கையெழுத்தோட துறை முத்திரையும் வேணும், ஒவ்வொரு பக்கத்திலும். கடிதம் இங்கிலீஷில்.