‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’ (1967): விர்ஜில் டிப்ஸுக்குப் படத்தில் என்ன மிச்சம்?

கயல்:
படத்தை மறுபடி பார்த்தேன். மிசிசிப்பியில் ஒரு சின்ன ஊர். சிகாகோ தொழிலதிபர் கொலையாகிக் கிடக்கிறார். ரயிலுக்குக் காத்திருந்த டிப்ஸைக் கறுப்பர் என்பதாலேயே பிடித்து வருகிறார்கள். அவரோ பிலடெல்பியா கொலைவழக்கு நிபுணர். டிப்ஸாக நடித்த சிட்னி பாய்ட்டியேயின் கம்பீரம் அப்படியே இருக்கிறது. ஆனால் டிப்ஸுக்கு வீடில்லை, மனைவி இல்லை. போலீஸ் தலைவர் கில்லெஸ்பி திருந்துவதற்காகவே வந்துபோனது மாதிரி இருக்கிறார். ஆஸ்கரும் கில்லெஸ்பியாக நடித்த ராட் ஸ்டைகருக்கே. பாய்ட்டியே பெயர் பரிந்துரையில்கூட இல்லை. ஜான் பாலின் நாவலும் (1965) இப்படித்தானா?

பழையரீல்:
இல்லை கயல், படத்தில்தான் அரசியல் ஏறியது. நாவலில் கொலையாகிறவர் இசை விழா நடத்த வந்த இசை நடத்துனர். எண்டிகாட் என்பவர் அவருக்கு ஆதரவாக நிற்கும் நல்ல மனிதர். திரைக்கதை எழுதிய ஸ்டிர்லிங் சிலிஃபண்ட் இசை விழாவைத் தொழிற்சாலையாக்கினார், எண்டிகாட்டைப் பருத்திப் பண்ணை முதலாளியாக்கினார். தொழிற்சாலை வந்தால் பண்ணைக்கூலி என்னாகும்? கொலைக்குப் பின்னால் ஊரின் பொருளாதாரமே வந்து நிற்கிறது.

எண்டிகாட்டின் பசுமைக்குடில் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை. எண்டிகாட் ஆர்கிட் செடிகளைக் காட்டி, கறுப்பர்களுக்கும் இப்படிப் பராமரிப்பு தேவை என்று இதமாகப் பேசுகிறார். விசாரணை தன்மேல் திரும்பியதும் டிப்ஸை அறைகிறார். டிப்ஸ் உடனே திருப்பி அறைகிறார், ஒரு நொடிகூடத் தாமதமில்லை. நாவலில் இந்த அறையே கிடையாது.

பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அடுத்து வருவதுதான் முக்கியம். டிப்ஸ் எண்டிகாட்டை எப்படியாவது வீழ்த்தியே தீருவேன் என்கிறார். நீயும் எங்களைப் போலத்தானா என்று கில்லெஸ்பி கேட்கிறார். கோபம் துப்பறிவாளனின் கண்ணை மறைக்கிறது. எண்டிகாட் கொலையாளி அல்ல. கறுப்பு நாயகனுக்குத் தவறு செய்யும் உரிமையையும் தந்தார்களே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

செல்லுலாய்டு:
ஒன்று சேர்க்கிறேன். கதை மிசிசிப்பி என்றாலும் பெரும்பாலும் படமாக்கியது இல்லினாய் மாநிலத்தில். தெற்கே போக பாய்ட்டியே மறுத்துவிட்டார். முன்பு மிசிசிப்பியில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் அவரையும் கறுப்பினப் பாடகர் ஹாரி பெலஃபாண்டேவையும் துரத்தியிருந்தார்கள். பருத்தி வயலுக்காக மட்டும் டென்னசி போய் சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லர் பாய்ட்டியேயின் நிறத்துக்கு ஏற்ப ஒளி அமைத்ததையும் கவனியுங்கள்.

கயல்:
நன்றி பழையரீல். கொலையாளி பற்றி நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் நடிகை பீ ரிச்சர்ட்ஸ் வரும் காட்சியைப் பாருங்கள். சட்டத்துக்குப் புறம்பாகக் கருக்கலைப்பு செய்யும் கறுப்புப் பெண்ணாக வருகிறார். வெள்ளையருக்கு ஒரு ஜெயில், கறுப்பருக்கு வேறு ஜெயில் என்று சொல்லி டிப்ஸ் அவரை மிரட்டுகிறார். தன்னை ரயில் நிலையத்தில் பிடித்த அதே அநியாயத்தை இவர்மேல் ஆயுதமாக எடுக்கிறார். ஸ்டைகரோடு டிப்ஸுக்கு மனம்விட்டுப் பேச ஒரு முழுக் காட்சி உண்டு. இந்தப் பெண்ணோடு வேலை முடிந்ததும் கதவு சாத்தப்படுகிறது. என் உறுத்தல் அங்கேதான்.