புது வீட்டைச் சுத்தி என்ன மரம் வைக்கலாம்? பின்னாடி விக்கிற ஐடியாவும் இருக்கு

செங்கல்பட்டுவாசி:
வணக்கம் மக்களே. செங்கல்பட்டு பக்கம் ஒண்ணரை கிரவுண்டுல வீடு கட்டி முடிச்சாச்சு. கிழக்கு பார்த்த வாசல், முன்னாடி 12 அடி இடம் இருக்கு, பின்பக்கம் மேற்கால 15 அடி சும்மா கிடக்கு. களிமண்ணு, நல்ல மழை பெஞ்சா ரெண்டு நாள் தண்ணி நிக்கும். பசங்க படிப்பு முடிஞ்சதும் ஊருக்கே போயிடலாம்னு நெனப்பு, அதனால எட்டு வருஷத்துல வீட்டை விப்போம். மரம் நிக்கிற வீடுன்னா பார்க்க வர்றவங்க கேட்ல நிக்கும்போதே பாதி முடிவு பண்ணிடுவாங்கன்னு புரோக்கர் சொல்றாரு. வீட்ல மாமரம் வேணுங்கறாங்க, மாமனார் வாசல்ல ரெண்டு தென்னை வைங்க மாப்ளைங்கறாரு, நர்சரில கேட்டா கோனோகார்பஸ் வரிசையா வைங்க சார் ஒரே வருஷத்துல மதில் மாதிரி மறைச்சிடும்னாங்க. எதை எங்க வைக்கிறதுன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சைட்_மேஸ்திரி:
கோனோகார்பஸ் மட்டும் வேண்டவே வேண்டாம் சார். குஜராத்ல 2023லயே தடை பண்ணிட்டாங்க, நம்ம தமிழ்நாட்டுலயும் 2025ல தடை வந்தாச்சு, இன்னமும் அதை விக்கிறாங்கன்னா என்ன சொல்றது. வேர் தண்ணியைத் தேடி பைப்புக்குள்ள போயிடும், நானே ஒரு வீட்ல டிரைனேஜ் பைப்பை ஒடச்சு எடுத்தப்ப உள்ள சடை மாதிரி நாலடி நீளத்துக்கு வேர் வந்துச்சு. அந்த வீட்டை வாங்க வந்தவங்க அதைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போனாங்க. மரம் வெலையைக் கூட்டும்னு சொல்றோமே, தப்பான மரம் இப்படித்தான் வந்த பார்ட்டியையும் வெரட்டும்.

தென்னையும் 12 அடில சரிவராது. மட்டை பக்கத்து வீட்டுக்குள்ள போவும், நெத்து கார் மேல விழும், தினம் சண்டை. செப்டிக் டேங்க், சம்ப் எங்க இருக்குன்னு மொதல்ல ஒரு பேப்பர்ல வரைங்க, அதுல இருந்து 15 அடி தள்ளி, காம்பவுண்டுல இருந்து 6 அடியாச்சும் தள்ளி, மேல ஈபி வயர் இல்லாத எடமா பாருங்க. மேற்கால கண்டிப்பா ஒரு புங்கம். மூணு மணி வெயில் செவுத்துல அடிக்கறதை அது வாங்கிக்கும், பெட்ரூம்ல ஏசி ஓடற நேரம் கொறையும். மாசி பங்குனில இலை கொட்டும், ஆனா வெயில் ஏறுறதுக்குள்ள தளதளன்னு புது இலை விட்டுடும்.

கயல்அம்மா:
தம்பி, நாங்க வீடு வாங்கின கதையைச் சொல்றேன். மூணு வீடு பார்த்தோம், மூணும் ஏறக்குறைய ஒரே வெலை. மூணாவது வீட்டுக்குக் காலைல ஏழு மணிக்குப் போனோம், மழை விட்டிருந்துச்சு, வாசல் சிமெண்டுத் தரை ஈரமா இருக்கு, அது மேல பூரா மகிழம்பூ. சின்னச் சின்னதா, பழுப்பு கலந்த வெள்ளைல, நடுவுல ஊசி போட்ட மாதிரி ஓட்டை. என் மாமியார் கேட்டைத் தாண்டல, அங்கயே குனிஞ்சு பொறுக்கி முந்தானைல போட ஆரம்பிச்சுட்டாங்க. எங்க வீட்டுக்காரரு உள்ள போய் சமையல்கட்டு, மோட்டார் எல்லாம் பார்த்துட்டு வர்றதுக்குள்ள நாங்க முடிவு பண்ணிட்டோம். கேட்ட வெலைல கொறைக்கக்கூட மனசு வரல. காஞ்ச பூவை இன்னிக்கும் புடவை பீரோல வெச்சிருக்கேன், வாசம் போகல.

அதனால முன்னாடி மகிழம் வைங்க. மெதுவாத்தான் வளரும், வருஷம் பூரா பச்சையா இருக்கும், வேரும் பெருசா தொந்தரவு பண்ணாது. எட்டு வருஷம்னா நர்சரில பத்தடி உசரக் கன்னா வாங்கிடுங்க.

மண்புழு:
அக்கா சொன்ன மரம் சரி, ஆனா பத்தடி கன்னு விஷயத்துல எனக்கு ஒப்புதல் இல்ல. பைல பல வருஷம் கெடந்த கன்னுல வேர் உள்ளயே வட்டமா சுத்திக்கும், நட்டப்புறமும் அப்படியே சுத்தும், ஆழமா பிடிக்காது, காத்தடிச்சா வேரோட சாயும். 2016 டிசம்பர்ல வர்தா புயல் வந்தப்ப எங்க தெருவுல குல்மோஹர் எல்லாம் படுத்துடுச்சு, பக்கத்துலயே நின்ன புங்கமும் பூவரசும் கிளை மட்டும் போயி நின்னுச்சு, அதை என் கண்ணால பார்த்தேன். நாலஞ்சு அடில தண்டு தடிமனா இருக்கற கன்னு எடுங்க, நல்லா பிடிச்சுதுன்னா பெரிய கன்னை எட்டிப் புடிச்சிடும்.

உங்க மண்ணுக்குத்தான் பயம். மூணுக்கு மூணு அடி குழி எடுத்து செம்மண், மணல், மக்கின சாணி எரு, கூட ரெண்டு கை வேப்பம்புண்ணாக்கு கலந்து போடுங்க, சுத்தி இருக்கற தரையை விட ஒரு அடி மேடா வெச்சு நடுங்க, தண்ணி நின்னா மாங்கன்னு அழுகிடும். ஒட்டுக் கன்னுன்னா நாலு வருஷத்துல காய் பார்க்கலாம். ஆடி, ஆவணில நட்டா ஐப்பசி மழைக்குள்ள வேர் ஊன்றிடும். இன்னொண்ணு, மரத்தைச் சுத்தி டைல்ஸ் போட்டு அடைச்சிடாதீங்க, நாலடி மண்ணு தெறந்து இருக்கணும்.

செங்கல்பட்டுவாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செப்டிக் டேங்க் வடமேற்கு மூலைல இருக்கு, அதனால புங்கத்தைத் தென்மேற்கால தள்ளிடறேன், மாமரம் தெற்குப் பக்கம், வாசல்ல மகிழம். மாமனாருக்குப் புரிய வைக்கணும். கயல்அம்மா எழுதினதை வீட்ல வாசிச்சுக் காட்டினேன், இப்ப வீட்டை ஏன் விக்கணும்னு கேக்கறாங்க. மண்புழு, வாசல்ல ஏற்கனவே பேவர் பிளாக் போட்டாச்சு, நாலடி சதுரத்துக்கு எடுத்துட்டா போதுமா?

மண்புழு:
போதும். இப்பவே எடுத்துடுங்க, அடில போட்ட ஜல்லியையும் சேர்த்து வாரிடுங்க.