முதியோர் இல்லத்தில் செட்டில்மென்ட் பத்திரம்: பராமரிப்பாளர் சாட்சிக் கையெழுத்து போடலாமா?

கேள்வி:
இல்லத்தில் இருக்கும் 81 வயது அம்மாவின் வீட்டை மகன் பேருக்கு தான செட்டில்மென்ட் எழுதப் போகிறார்கள். நடக்க முடியாததால் சார்பதிவாளர் இங்கேயே வருகிறார். இரண்டு பராமரிப்பாளர்கள் சாட்சிக் கையெழுத்து போட வேண்டும் என்கிறது நிர்வாகம். அம்மா காலையில் தெளிவாகப் பேசுவார். சாயங்காலம் ஆனால் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. மறுத்தால் வேலை போய்விடுமோ என்று அந்தப் பராமரிப்பாளர் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

பதில் 1:
போட வேண்டாம். செட்டில்மென்ட்டுக்கு இரண்டு சாட்சிகள் கட்டாயம். நாளைக்கு மகள்கள் வழக்குப் போட்டால் கூண்டில் ஏறி, "அம்மா புரிந்துதான் எழுதிக்கொடுத்தார்" என்று சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளைகள்தான்.

மனத்தெளிவு வந்து போகிறவர், தெளிவாக இருக்கும் நேரத்தில் எழுதிக்கொடுத்தால் அது செல்லும். அதனால் பதிவைக் காலையில் வைக்கச் சொல்லுங்கள். அன்றைக்கே மருத்துவர் பார்த்து, நேரம் போட்டுச் சான்று தரட்டும். மகன் இல்லாத அறையில் பத்திரத்தை நிதானமாகப் படித்துக் காட்டி, எந்த வீடு, யாருக்கு, இனி அதில் உங்களுக்கு என்ன உரிமை என்று கேளுங்கள். தலையாட்டினால் போதாது, அம்மா வாயால் சொல்ல வேண்டும். "நான் எழுதிக் கொடுக்கவில்லை" என்று அவர் சார்பதிவாளரிடம் சொன்னாலே பதிவை மறுக்க வேண்டும். பதிவுச் சட்டம் பிரிவு 35.

பென்ஷன் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் என்றால், பத்திரத்தில் மட்டும் ஏன் கைநாட்டு என்று கேளுங்கள். விரலைப் பிடித்து மையில் அழுத்தி உதவுவதும் கூடாது.

பதில் 2:
அம்மா மனமாரத் தருவதாக இருந்தாலும் இரண்டு வரி பத்திரத்தில் இருக்கட்டும்: ஆயுள் உள்ளவரை வீட்டை அனுபவிக்கும் உரிமை அம்மாவுக்கே, மகன் கடைசிவரை பராமரிக்க வேண்டும். பிறகு மகன் கைவிட்டால், 2007 முதியோர் பராமரிப்புச் சட்டம் பிரிவு 23-இன் கீழ் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாக விரிவாகப் பொருள்கொண்டது உண்மை. ஆனால் அதே நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததைக் காட்டச் சொன்னது. எழுதி வைப்பதே பாதுகாப்பு.

மிரட்டல் இருந்தால் 14567, முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை.

பதில் 3:
அந்தச் சாயங்காலக் குழப்பத்தை மறதி என்று தள்ளிவிடாதீர்கள். புதிதாக வந்தது என்றால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சோடியம் குறைவு, தூக்க மாத்திரை, நீர்ச்சத்துக் குறைவு எல்லாம் பார்க்க வேண்டும். பல நேரம் சரியாகிவிடும்.

டியூட்டி நோட்டில் "குழப்பம்" என்று மொட்டையாக எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. "மாலை 6.10. இது எந்த ஊர் என்றதற்குப் பிறந்த ஊரைச் சொன்னார்" என்று எழுதுங்கள். மாத்திரை கொடுத்த நேரம், கொடுத்தவர் பெயர் வேண்டும். தப்பாகிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து; வைட்னர் வேண்டவே வேண்டாம்.

மறுக்கிற பாரத்தைத் தனி ஆள் மேல் போடக்கூடாது. "பணியாளர் யாரும் சொத்துப் பத்திரத்துக்கோ உயிலுக்கோ சாட்சி நிற்பதில்லை, ஏடிஎம் அட்டையை வாங்கி வைப்பதில்லை" என்று இல்லமே விதியாக எழுதி, பார்வையாளர் கையெழுத்துப் போடும் மேஜைக்கு மேலே ஒட்ட வேண்டும். அப்போது அந்தப் பிள்ளை சுவரைக் காட்டினால் போதும். இரவில் ஒரே ஆள் டியூட்டி பார்க்கும் நேரத்தில் எந்தத் தாளோடும் யாரையும் உள்ளே விடாதீர்கள்.