ஓரியன் நெபுலாவின் நடுப்பகுதி வெளிறிப்போகிறது, உதவுங்கள்

வணக்கம். தை அமாவாசை இரவு ஏலகிரியில் எம் 42 எனப்படும் ஓரியன் நெபுலாவை (ஒளிரும் வாயு மேகம்) படமெடுத்தேன். 30 விநாடிப் படங்கள் 60, 5 விநாடிப் படங்கள் 40. இரண்டையும் சிரில் மென்பொருளில் தனித்தனியாக அடுக்கி, ஒவ்வொரு தொகுதியையும் ஒரே படமாக்கிவிட்டேன்.

30 விநாடி அடுக்கில் மங்கலான பகுதிகள் தெரிய ஹிஸ்டோகிராமை (ஒளி அளவுகளின் பரவலை) நீட்டினால் வெளிச் சிறகுகளில் இளஞ்சிவப்பு அழகாக எழுகிறது. ஆனால் நடுவே டிரப்பீசியம் என்ற நட்சத்திரக் கொத்தின் நான்கு நட்சத்திரங்களும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடுகின்றன. 5 விநாடி அடுக்கில் அவை நான்கும் ஊசிமுனைகளாகத் தெளிவாகத் தெரிகின்றன! அந்த நான்கையும் இழக்க எனக்கு மனமில்லை.

ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் லேயர் மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மறைக்கும் திரை) போட்டு இரண்டையும் இணைத்தேன். சேருமிடத்தில் சாம்பல் நிற வளையம் விழுகிறது. நீட்டுவதற்கு முன்பே இணைக்க வேண்டுமா, பிறகா? மாஸ்க்கின் விளிம்பை எவ்வளவு மங்கலாக்குவது?

லினக்ஸ் கணினி, 8 ஜிபி ராம். கட்டண மென்பொருள் வாங்க இயலாது. செய்து பார்த்தவர்கள் படிப்படியாக எழுதுங்கள். ஃபிட்ஸ் (வானியல் பட வடிவம்) கோப்புகளை அனுப்பத் தயாராக இருக்கிறேன்.