பழைய பீட்டிலின் பாகங்களை விற்க வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். என் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளம் துருவேறி இற்றுப்போய்விட்டது. மனதைத் தேற்றிக்கொண்டு வண்டியைப் பிரித்துவிட்டேன். நான்கு மட்கார்டுகள், இரண்டு கதவுகள், முன்மூடி, பின்பக்க இன்ஜின் மூடி எல்லாம் கைவசம் இருக்கின்றன. பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை. இதே காரைப் போற்றி ஓட்டுபவர் கைக்குத்தான் அவை போக வேண்டும்.

முன் மட்கார்டுகள் சாய்வான விளக்குக் கண்ணாடி கொண்டவை. 1960களின் பிற்பகுதியில் விளக்கு நிமிர்ந்த வடிவத்துக்கு மாறியதால், வாங்குபவர் தம் வண்டியின் ஆண்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. மட்கார்டுகள் போல்ட்டில் மாட்டியவை என்பதால் எதையும் வெட்டாமல் கழற்ற முடிந்தது.

இடது முன் மட்கார்டில் காந்தத்தை ஓட்டிப் பார்த்தேன். விளக்குக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டாமல் வழுக்கியது, பெயிண்டுக்கு அடியில் பள்ளத்தை நிரப்பப் பூசிய புட்டிப் பசை. அதைப் படத்தோடு சொல்லியே விற்பேன். வாங்கியவர் பெயிண்டைச் சுரண்டும்போது ஏமாந்து நிற்கக் கூடாது.

என் குழப்பம் இதுதான். துருவைத் தேய்த்து பிரைமர் அடித்துக் கொடுப்பதா, இருக்கிறபடியே கொடுப்பதா? புதுப் பூச்சு எதையோ மறைக்கிறது என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும் என்று எனக்குத் தோன்றுகிறது. கதவுகளை வெளியூருக்கு அனுப்பினால் கண்ணாடியைத் தனியே கழற்றிக் கட்ட வேண்டுமா? நேரில் பார்க்காதவரிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பது முறையா? விற்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். எட்டையும் ஒருவரே கேட்டால் விலையைக் குறைத்துக்கொள்ளவும் தயார்.