பிரிவினை கேட்டவர்களே பிரிவினையை எதிர்த்தார்கள்: அயர்லாந்து வரலாற்றுக்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

அயர்லாந்து அரசியலைத் தமிழில் எழுதும்போது ஒரே ஒரு சொல் திரும்பத் திரும்பக் காலை வாருகிறது. இந்தப் பத்தியைப் பாருங்கள்:

"அயர்லாந்துத் தேசியவாதிகள் பிரிவினை கேட்டார்கள். 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிவினை வந்தபோது அதை எதிர்த்தார்கள். அல்ஸ்டர் ஒன்றியவாதிகள் பிரிவினையைக் கடைசி வரை எதிர்த்தார்கள். ஆனால் அந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டார்கள்."

நான்கு வாக்கியமும் உண்மை. ஆனால் படிப்பவருக்குத் தலை சுற்றும். முதல் வரியில் உள்ள பிரிவினை, 1801 ஜனவரி 1 முதல் பிரிட்டனோடு ஒன்றாக இருந்த அயர்லாந்து அதிலிருந்து வெளியேறுவது. இரண்டாம் வரியில் உள்ளது, அயர்லாந்துத் தீவையே இரண்டாக வகுத்து ஆறு கவுண்டிகளை (மாவட்டங்களை) வட அயர்லாந்து ஆக்கியது. தேசியவாதிகள் கேட்டது முன்னது, வெறுத்தது பின்னது. வடக்கு மாகாணமான அல்ஸ்டரில், பிரிட்டனோடே இருக்க விரும்பிய ஒன்றியவாதிகளுக்கு நேர் தலைகீழ். ஒரு அரசியலின் இரு எதிர்முனைகளை நம் மொழியில் ஒரே சொல்லால் சுட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு என் பரிசீலனையில் உள்ளவை: வெளியேறுவதற்கு "பிரிந்து செல்லல்" அல்லது "விலகல்", தீவை வகுத்ததற்கு "துண்டாடல்", "கூறாக்கம்" அல்லது "பாகப்பிரிவினை". கருத்துச் சொல்லுங்கள்.

———

மறு: பிரிவினை

வணக்கம் ஐயா.

கோளாறு எங்கே என்று இலக்கணத்திலேயே தெரிகிறது. பிரிதல் தன்வினை, பிரித்தல் பிறவினை. "பிரிவினை" என்ற பெயர்ச்சொல் இரண்டையும் விழுங்கிவிட்டு நிற்கிறது. அதனால் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். "எதை?" என்று கேட்டால் பதில் வருகிறதா, "எதிலிருந்து?" என்று கேட்டால் வருகிறதா? அயர்லாந்தைப் பிரித்தார்கள்: இரண்டாம் வேற்றுமை. ஒன்றியத்திலிருந்து பிரிந்தார்கள்: ஐந்தாம் வேற்றுமை, நீங்கல் பொருள். வேற்றுமை மாறினால் சொல்லும் மாற வேண்டும்.

தீவை வகுத்ததற்குப் புதுச்சொல் தேட வேண்டாம் என்பது என் கருத்து. 1947-க்கு "இந்தியப் பிரிவினை" என்று எல்லோரும் எழுதுகிறோம். அது "எதை" என்ற கேள்விக்கான பிரிவினைதான். ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்குவதை விட, அதன்மேல் ஏறி உட்கார்ந்த இன்னொரு பொருளை இறக்கிவிடுவது எளிது.

"துண்டாடல்" வேண்டவே வேண்டாம். அது டப்ளின் தரப்பின், அதாவது தேசியவாதிகளின், ஆத்திரத்தையும் சேர்த்துச் சுமக்கும் சொல். மேற்கோளில் வரலாம், கலைச்சொல்லாகக் கூடாது. "பாகப்பிரிவினை" கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் தவறான படம் தருகிறது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். 1920-ஆம் ஆண்டு அயர்லாந்து ஆட்சிச் சட்டம் லண்டன் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, 1918 தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73-ஐ வென்ற, குடியரசு கேட்ட சின் ஃபெயின் கட்சி அந்த அவையில் உட்காரவே இல்லை. பெரும்பங்காளி இல்லாமல் எழுதிய பத்திரத்தைப் பாகப்பிரிவினை என்று எப்படிச் சொல்வது?

வெளியேறுவதற்கு "பிரிந்து செல்லல்" சரியான சொல்தான். "பிரிந்து செல்லும் உரிமை" என்று இடதுசாரி எழுத்தில் வெகுகாலமாக இருக்கிறது. ஆனால் அதிலிருந்து வேறு சொற்கள் கிளைக்க மாட்டேன் என்கின்றன. "பிரிந்து செல்லல் உடன்படிக்கை", "பிரிந்து செல்லலுக்குப் பிந்தைய சுங்க வரி" என்று எழுதிப் பாருங்கள், நாக்கு மடங்கும். "விலகல்" வளையும்: விலகல் உடன்படிக்கை, விலகல் கோருவோர், விலகலுக்குப் பின்.

"பிரிவினைவாதி" என்ற சொல்லை மட்டும் இந்தப் பொருளில் அறவே விட்டுவிடலாம். 1963-இல் பிரிவினைத் தடைச் சட்டம் என்று நாம் அழைத்த அரசமைப்புத் திருத்தம் வந்ததிலிருந்து, தமிழில் அது குற்றச்சாட்டாகவே ஒலிக்கிறது.

———

மறு: மறு: பிரிவினை

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கத்து வழக்கில் சில சொற்கள் வேறுபடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"விலகல்" எனக்கும் சம்மதம். ஆனால் எல்லாவற்றையும் அதற்குள் கொட்டிவிடக் கூடாது. அயர்லாந்து வரலாற்றில் குறைந்தது நான்கு வெவ்வேறு நடைமுறைகள் இருக்கின்றன.

முதலாவது, தேசியவாதத் தலைவர் டேனியல் ஓ'கானல் கேட்டது. ஒன்றியத்தை உண்டாக்கிய சட்டத்தையே அதே பாராளுமன்றம் நீக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 1834-இல் பிரேரணை கொண்டுவந்து 523-க்கு 38 என்று தோற்றார். இது விலகல் அல்ல, "ஒன்றியச் சட்ட நீக்கம்".

இரண்டாவது, ஹோம் ரூல், அதாவது ஒன்றியத்துக்குள் இருந்தபடி உள்நாட்டு ஆட்சி மட்டும் கேட்டது. இதைப் பிரிவினை என்று எழுதுவது சுத்தப் பிழை. 1912 மசோதாவின்படி டப்ளினில் ஒரு பாராளுமன்றம் அமைந்தாலும், லண்டன் பாராளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரில் 42 அயர்லாந்து உறுப்பினர்கள் தொடர்ந்து இருப்பார்கள். பாதுகாப்பும் வெளிவிவகாரமும் லண்டனிடமே. வீட்டுக்குள் தனிச் சமையல், அவ்வளவுதான். இதற்குத் "தன்னாட்சி" போதும். 1916-இல் அன்னி பெசன்ட் சென்னையில் தொடங்கிய ஹோம் ரூல் லீக்கின் பெயரே அயர்லாந்திலிருந்து வந்ததுதான், அதையும் தமிழ்நாட்டில் தன்னாட்சி இயக்கம் என்கிறீர்கள். "சுயாட்சி" வேண்டாம், "மாநில சுயாட்சி" என்ற நினைவு குறுக்கே வரும்.

மூன்றாவதுதான் உண்மையான விலகல். ஆனால் இது ஒரு நாளில் முடிந்த காரியம் அல்ல. 1919 ஜனவரி 21-இல் முதல் டாயில் (சின் ஃபெயின் உறுப்பினர்கள் டப்ளினில் அமைத்த பாராளுமன்றம்) கூடி விடுதலைப் பிரகடனம் செய்தது. 1921 டிசம்பர் 6-இல் பிரித்தானியாவோடு உடன்படிக்கை கையெழுத்தானது. டாயில் அதை 64-க்கு 57 என்று ஏற்றது. 1922 டிசம்பர் 6-இல் அயர்லாந்து சுதந்திர அரசு பிறந்தது. அப்போதும் கனடாவைப் போல, பிரித்தானிய முடியின் கீழ் தன்னைத் தானே ஆளும் டொமினியன்தான், முடிக்கு விசுவாசப் பிரமாணம் இருந்தது. மூன்று துறைமுகங்கள் 1938 வரை பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தன. 1949 ஏப்ரல் 18-இல்தான் குடியரசுச் சட்டம் நடைமுறைக்கு வந்து பொதுநலவாயத்தையும் விட்டது. ஆகவே "அயர்லாந்து 1922-இல் விலகியது" என்றும் "1949-இல் விலகியது" என்றும் எழுதலாம், இரண்டும் சரி. எதிலிருந்து என்று சொல்லாவிட்டால் இரண்டும் பிழை. முன் மடலில் சொன்ன ஐந்தாம் வேற்றுமையைக் கட்டாய விதியாகவே ஆக்கிவிடுங்கோ.

நான்காவதுதான் சிக்கல். 1921 உடன்படிக்கையின் 12-ஆம் உறுப்பு, சுதந்திர அரசு பிறந்த ஒரு மாதத்துக்குள் வட அயர்லாந்துப் பாராளுமன்றம் மன்னருக்கு விண்ணப்பித்தால் அந்த அரசுக்குள் வராமல் நின்றுகொள்ளலாம் என்றது. அவர்கள் மறுநாளே, டிசம்பர் 7-இல், விண்ணப்பித்தார்கள். இதையும் விலகல் என்று எழுதினால், ஒன்றியவாதிகளும் விலகல்காரர் ஆகிவிடுவார்கள். பழைய குழப்பம் புதுச்சட்டை போட்டு வரும்.

———

மறு: மறு: மறு: பிரிவினை

> இதையும் விலகல் என்று எழுதினால்

அதற்குச் சொல் நம் கையிலேயே இருக்கிறது: "விலக்கு". நீட் விலக்கு என்று தினமும் செய்தித்தாளில் படிக்கிறோம். ஒரு ஏற்பாடு தம்மைக் கட்டாமல் இருக்கக் கோருவது விலக்கு. உள்ளே இருந்து வெளியே போவது விலகல். 12-ஆம் உறுப்பை "விலக்கு உறுப்பு" என்று எழுதலாம்.

இன்னொரு சொல்லும் இந்த இழையில் விவாதிக்கப்படாமலே புழங்குகிறது: "ஒன்றியவாதி". எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. 2021-க்குப் பிறகு தமிழ்நாட்டில் "ஒன்றிய அரசு" என்று சொல்பவர் பெரும்பாலும் மாநில உரிமையின் பக்கம் நிற்பவர். அயர்லாந்தின் ஒன்றியவாதியோ டப்ளினுக்கு அதிகாரம் போகவே கூடாது என்றவர். 1912 செப்டம்பர் 28-இல் அல்ஸ்டர் உறுதிமொழியில், பெண்களுக்கான தனிப் படிவத்தையும் சேர்த்து, கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் கையெழுத்திட்டது அதற்குத்தான். சென்னையில் படிப்பவர் இந்தச் சொல்லை நேர்மாறாகப் புரிந்துகொள்ள இடம் இருக்கிறது.

இருந்தாலும் மாற்றுச்சொற்கள் இதைவிட மோசம். "இணைப்புவாதி" என்றால், தீவின் இரு பகுதிகளும் இணைய வேண்டும் என்னும் தேசியவாதியும் அதுவே ஆகிவிடுவார். "ஐக்கியவாதி"யிலும் ஐக்கிய இராச்சியமா, ஐக்கிய அயர்லாந்தா என்ற ஐயம் வரும். எனவே ஒன்றியவாதியையே வைத்துக்கொண்டு, முதல் முறை வரும் இடத்தில் "பிரிட்டனோடு தொடர்ந்து இருக்க வேண்டும் என்போர்" என்று ஒரு தொடர் சேர்த்துவிடுவோம். "இணைப்பு" என்பதைத் தீவின் மறு இணைப்புக்கு மட்டும் ஒதுக்கலாம்.

சொல்லுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று யாருக்கேனும் தோன்றினால், அவர்கள் நாட்டையே பாருங்கள். குடியரசு என்பதற்கு ஐரிஷ் மொழியில் இரண்டு சொற்கள் போட்டியிட்டன. 1916 பிரகடனத்தின் தலைப்பில் இருப்பது "பொப்லக்த்". 1919 டாயில் ஆவணங்களில் இருப்பது "சேர்ஸ்டாட்". பின்னதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் சுதந்திரம், அரசு என்று வரும். லண்டன் அந்தப் பிரிப்பைப் பிடித்துக்கொண்டு, குடியரசு என்ற சொல்லே இல்லாமல் "சுதந்திர அரசு" என்று உடன்படிக்கையில் எழுதியது. ஐரிஷ் பெயர் மாறவில்லை, அதன் பொருள் குடியரசிலிருந்து டொமினியனுக்கு இறங்கிவிட்டது. தமிழில் 1919-க்கு "குடியரசு" என்றும் 1922-க்கு "சுதந்திர அரசு" என்றும் எழுதினால்தான் அந்த இறக்கம் கண்ணுக்குத் தெரியும்.

———

மறு: மறு: மறு: மறு: பிரிவினை

இரண்டு சின்ன விஷயங்கள்.

சின் ஃபெயின் உறுப்பினர்கள் தேர்தலில் நின்று, வென்று, வெஸ்ட்மின்ஸ்டரில் உட்கார மறுப்பதைப் "புறக்கணிப்பு" என்கிறார்கள். தேர்தலையே புறக்கணித்ததாக அது பொருள்படும். உள்ளே போய் வெளியே வந்தால்தான் "வெளிநடப்பு". இவர்கள் உறுதிமொழி எடுப்பதே இல்லை, அதனால் பேசவும் வாக்களிக்கவும் முடியாது, சம்பளமும் கிடையாது. "அவைமறுப்பு" என்று முன்மொழிகிறேன். 2024-இல் வென்ற 7 பேரும் அவைமறுப்பாளர்கள். 650 பேர் அவையில் பெரும்பான்மைக் கணக்குப் போடும்போது இவர்களைக் கழித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

அடுத்து "எல்லை வாக்கெடுப்பு". சொல்லுக்குச் சொல் பெயர்த்ததில் வந்த வினை இது. எல்லைக்கோடு எங்கே என்று யாரும் வாக்களிப்பதில்லை. 1998-ஆம் ஆண்டு வட அயர்லாந்துச் சட்டப்படி, பெரும்பான்மையோர் ஐக்கிய இராச்சியத்தை விட்டு ஒன்றுபட்ட அயர்லாந்தில் சேர விரும்பக்கூடும் என்று லண்டன் அமைச்சருக்குத் தோன்றினால் அவர் வாக்கெடுப்புக்கு உத்தரவிட்டே ஆக வேண்டும். ஒன்று நடந்தால் அடுத்ததற்கு 7 ஆண்டு இடைவெளி வேண்டும். 2014-இல் ஸ்காட்லாந்தில் கேட்டது தனி நாடாவதா என்று. இங்கே தனி நாடு என்ற தேர்வே கிடையாது. ஒன்றிலிருந்து விலகுவதும் மற்றதில் சேர்வதும் ஒரே வாக்கு. ஆகவே "மறு இணைப்பு வாக்கெடுப்பு".

———

மறு: மறு: மறு: மறு: மறு: பிரிவினை

எல்லோருக்கும் நன்றி. முதல் மடலின் பத்தியை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

"அயர்லாந்துத் தேசியவாதிகளில் ஒரு சாரார் ஒன்றியத்துக்குள் தன்னாட்சியும், குடியரசுவாதிகள் ஒன்றியத்திலிருந்து விலகலும் கேட்டார்கள். 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டுப் பிரிவினை வந்தபோது இரு சாராரும் அதை எதிர்த்தார்கள். அல்ஸ்டர் ஒன்றியவாதிகள் தன்னாட்சி, விலகல் இரண்டையும் எதிர்த்தார்கள். ஆனால் அல்ஸ்டரின் ஒன்பது கவுண்டிகளில் ஆறு தங்களுக்குக் கிடைத்த பிரிவினையை ஏற்று, 1922-இல் சுதந்திர அரசிலிருந்து விலக்கும் பெற்றார்கள்."

பத்தி சற்று நீண்டுவிட்டது, ஆனால் யார் எதைக் கேட்டார், எதை எதிர்த்தார் என்பது இடறாமல் வருகிறது. ஆறு கவுண்டிகள் என்று எண்ணிக்கையோடு எழுதியது வேண்டுமென்றே. கேவன், மோனகன், டோனிகால் மூன்றும் அல்ஸ்டர்தான், ஆனால் வட அயர்லாந்து அல்ல. தீவின் வடகோடி முனையே டோனிகாலில், அதாவது "தெற்கில்" இருக்கிறது.

எழுத்து முறையில் ஒன்று பாக்கி. "ஒன்றியச் சட்டம்", "நாட்டுப் பிரிவினை" ஆகியவற்றில் ஒற்று மிகும். "ஒன்றிய விலகல்" இடையினம், மிகாது. அதை இடம் விட்டு எழுதுவதா, "ஒன்றியவிலகல்" என்று சேர்ப்பதா? தேடுபொறியில் "விலகல்" தனியே அகப்பட வேண்டும் என்பதால் நான் இடம் விட்டே எழுதப்போகிறேன். மறுப்பு உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன் பிறகு பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.